மீச்சிறு பொது மடங்கு

இடிப்பதா வைப்பதா என்று
யாரோ முடிவெடுக்கும் முன்
யாராவது அளந்தாக வேண்டும்.
அந்த யாராவது, நான்.

டகோட்டாவின் வடமூலை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஸ்டெய்ன்வோல்ட் இல்லம் மாணவியருக்கென்று எழுந்தது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றில்.
பணம் தந்தவள் மாவு மில்காரரின் விதவை குன்ஹில்ட்.
ஒரே நிபந்தனை:
ஜன்னலில்லாத அறை ஒன்றுகூட இருக்கக் கூடாது.
கட்டியவர் சொல் தட்டவில்லை.
துடைப்பம் வைக்கும் பொந்துக்கும் ஒரு ஜன்னல்.
நூறு வருடமாகத் துடைப்பங்கள்
கோதுமை வயலைப் பார்த்தபடி
தலைகீழாக நிற்கின்றன.

தளத்துக்குத் தளம் பன்னிரண்டடி.
"படிக்கும் பெண்களுக்கு மூச்சு அதிகம் வேண்டும்"
என்று வரைபடத்தின் ஓரத்தில் பென்சில் எழுத்து.
கேலியா, வைத்தியமா, தெரியவில்லை.

மேற்குப் பகுதி அறுபத்துநான்கில்.
ஆண்களுக்கு. கான்கிரீட். சிக்கனம்.
ஒன்பதடிக்கு ஒரு தளம்;
மேல்கட்டில்காரன் திடுக்கிட்டு எழுந்தால்
நெற்றியில் சுண்ணாம்பு.
இரண்டு கட்டடத்தையும் ஒட்டவைத்தவர்கள்
கணக்கை ஒட்டவைக்க மறந்துபோனார்கள்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்கு
ஆறு படி மேலே.
பதினெட்டில் கதவே இல்லை, செங்கல்தான்.
இருபத்தேழிலிருந்து இருபத்துநாலுக்கு
ஆறு படி கீழே.
அப்புறம், முப்பத்தாறு.

மேற்கில் அது நான்காம் மாடி,
கிழக்கில் மூன்றாம் மாடி.
மண்ணை விட்ட பிறகு
தரையும் தரையும் சேரும் ஒரே இடம்.
ஆறாம் வகுப்பில் கரும்பலகை முன் நின்று
நான் தப்பாகச் சொன்ன விடை.

அந்தக் கதவின் நிலையில்
இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஒரு வடு.
ஏழெட்டுப் பூச்சு ஏறியும்
விரலுக்குத் தட்டுப்படுகிறது.
"சக்கர நாற்காலி," என்றாள் வெர்லின்.
கொதிகலனும் சாவிக்கொத்தும் அவள் பொறுப்பு.
"லைல் பெர்க்ஸ்டாட். போருக்கு ஆறடியாகப் போனவன்.
நான் பார்த்ததில்லை. நாட்குறிப்பில் இருக்கிறான்."

கொதிகலன் அறை நாட்குறிப்பு, எழுபத்தொன்று.
நீராவி அழுத்தம், நிலக்கரி, எலி, நடுவே:

*அக். 9. பையன்கள் ஆறு படிமேல் பலகை அடித்துச் சரிவு போட்டார்கள்.*
*அக். 11. தீயணைப்பு ஆய்வாளர் பிடுங்கினார்.*
*அக். 12. மறுபடி அடித்தார்கள்.*
*அக். 15. மறுபடி பிடுங்கினார். ஆணிகளையும் கொண்டுபோனார்.*
*நவ. 2. பெர்க்ஸ்டாட் நான்காம் மாடிக்கு மாறுகிறான். லிஃப்டுக்கு எண்ணெய்.*

கிழக்கே, அந்தக் கதவுக்கு அப்பால்
வாசிப்பறை. மூன்று பக்கமும் ஜன்னல்.
உறைந்த ஆறு முழுசாகத் தெரியும்.
இரவு பத்துக்கு மேல் ஆண்களுக்கு அனுமதியில்லை.

*டிச. 6. மணி 11.40. நான்காம் மாடிக் கதவுச் சத்தம். எனக்குக் கேட்கவில்லை.*
*டிச. 7. கேட்கவில்லை.*
*டிச. 9. கேட்கவில்லை. கீலுக்கு எண்ணெய் போட்டேன்.*

அதற்கப்புறம் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கிடக்கின்றன.
அவன் பட்டம் வாங்கினானா,
அந்த வாசிப்பறையில் விளக்கை யார் ஏற்றிவைத்தது,
வெர்லினுக்கும் தெரியாது.
எனக்கு அது வேலையும் இல்லை.

கதவின் இரு பக்கத் தரையையும் அளந்தேன்.
வித்தியாசம்: பூஜ்யம்.
இத்தனை வருடத் தொழிலில்
எந்தக் கட்டடமும் எனக்குக் காட்டாத எண்.
நம்பாமல் மறுபடி வைத்தேன்.
ஒரு அங்குலத்தில் எட்டிலொன்று.
சரி. சக்கரம் மன்னித்திருக்கும்.

படிவத்தில் ஒரு கேள்வி:
*தளங்கள் பொருந்துகின்றனவா? ஆம் / இல்லை.*
ஒரு கட்டம்தான், மொத்தக் கட்டடத்துக்கும்.
பேனா மை உறைந்து நிற்கிறது.
ஊதுகிறேன், உள்ளங்கையில் உருட்டுகிறேன்.

"கதவைச் சாத்திட்டு யோசி,"
என்கிறாள் வெர்லின்.
"சூடு போகுது."